வேசகாலத்தில் (கோடையில்) நான்கு வார நடிப்புப் பயிற்சி: மகளை அனுப்பலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்த மகள், மே மாதம் நான்கு வாரம் தங்கிப் பயிலும் நடிப்பு முகாமுக்குப் போயே தீர வேண்டும் என்கிறாளாம். பாட்டிக்குப் பிடிக்கவில்லை, தாய்மாமன் பிளஸ் ஒன் டியூஷனில் இப்போதே சேர்த்துவிடச் சொல்கிறார். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி நடத்துகிறார்கள் என்று மகள் காட்டிய காணொளிகளையும் பார்த்திருக்கிறார். அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள், நம் ஊரில் அதனால் என்ன பயன், நல்ல முகாமை எப்படிக் கண்டுகொள்வது என்பவை அவருடைய கேள்விகள். ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கங்களில் கோடைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பயிற்றுவித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முகாமின் விளம்பரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் ஒரு நாள் கால அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகள் எழுந்து நின்று, வாய் திறந்து, உடம்பை வளைத்து வேலை செய்யும் நேரம் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் அதில் இருந்தால் அனுப்புங்கள். பிரபலங்களின் உரை, புகைப்பட அமர்வு, சான்றிதழ் விழா என்று நேரம் கழிவதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு அவளைத் திருச்சூரில் நடக்கும் உலக நாடக விழாவுக்கு ஒருமுறை அழைத்துப் போய்வரலாம்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடையது. மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லாக்கன் கலை முகாம் 1928-இல் இசைக்காகத் தொடங்கிப் பின்னர் நாடகத்தையும் சேர்த்துக்கொண்டது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென 1931-இல் தொடங்கிய கோடைப் பயிற்சி, பல தலைமுறை நடிகர்களைக் கண்டிருக்கிறது. பிரிட்டனில் 1956-இல் தொடங்கப்பட்ட தேசிய இளையோர் நாடகக் குழுவில் ஹெலன் மிர்ரன் போன்ற நடிகர்கள் இளம் வயதில் நடித்தார்கள். பொதுவாக இவை மூன்று முதல் ஐந்து வாரங்கள் நடக்கும். காலையில் உடற்பயிற்சியும் குரற்பயிற்சியும், பிற்பகலில் காட்சிப் பயிற்சியும் முன்னேற்பாடில்லாமல் நடிக்கும் பயிற்சியும், மாலையில் ஒத்திகை என்று நாள் நகரும். கடைசி வாரத்தில் ஒரு நாடகம் மேடையேறும்.

காணொளியில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் நடிப்புக்கான இளங்கலைப் படிப்பில் சேர, ஒன்றுக்கொன்று மாறுபட்ட தனிமொழிகளை, அதாவது ஒருவரே பேசி நடிக்கும் பகுதிகளை, தேர்வாளர்கள் முன் நடித்துக் காட்ட வேண்டியிருக்கும். கோடைப் பயிற்சி அந்தக் கதவுக்குப் போடப்பட்ட படிக்கட்டு. பெற்றோர் பெருந்தொகை செலவழிப்பதற்கும் அது ஒரு காரணம். நம் ஊரில் அந்தப் படிக்கட்டு இன்னும் கட்டப்படவில்லை. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி பட்டம் பெற்றவர்களையே, அதுவும் நாடக அனுபவம் உள்ளவர்களையே, மூன்றாண்டுப் படிப்பில் சேர்க்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் முதுகலை படிக்கலாம். பிளஸ் டூ முடித்த கையோடு சேர வேண்டுமென்றால், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் திருச்சூரில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் 1977-இல் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கிவைத்த நாடகப் பள்ளி இருக்கிறது. கோவையிலிருந்து பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் மலையாளம் பழக வேண்டும். ஆகவே, அடுத்த படிப்புக்கு இது உதவுமா என்ற கணக்கில் இம்முகாமை எடைபோட்டால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். வேறு கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வைத்து நடிப்புப் பழக்குவது நமக்குப் புதிதும் இல்லை. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். பாய்ஸ் கம்பெனிகள் என்று அழைக்கப்பட்ட அந்தச் சபைகளில் பையன்கள் உண்டு, உறங்கி, பாட்டும் வசனமும் அடிவாங்கியும் கற்றார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை நாயகி வேடம் கட்டியவன் திரை இழுக்கப் போக வேண்டியதுதான். அந்தக் கொடுமையை நான் மீட்கச் சொல்லவில்லை. எனினும் அங்கே ஒரு பிள்ளை நாள் முழுவதும் நாடகத்துக்குள்ளேயே கிடந்தது. மற்றவன் வசனமும் தனக்குப் பாடம் என்ற நிலை இருந்தது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போய்வருவதில் அது கிடைக்காது. தங்கிப் பயிலும் முகாமின் பலம் இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

நான்கு வாரத்தில் உங்கள் மகள் நடிகை ஆகிவிடுவாளா என்றால், ஆக மாட்டாள். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள். நான்கு வாரத்தில் நடக்கக்கூடியவை வேறு. அவற்றில் முதலாவது குரல். கொடுமுடியில் 1908-இல் பிறந்து, சிறுமியாகவே மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளின் குரல் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலும் கடைசி வரிசைக்கு எட்டியது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தொண்டையைக் கிழித்துக் கத்தி அதைச் செய்ய முடியாது. முதல் நாள் நான் பிள்ளைகளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, 'ஸ்' என்ற ஒலியை ஒரே மூச்சில் சீராக விடச் சொல்வேன். பெரும்பாலோருக்குப் பதினைந்து எண்ணுவதற்குள் மூச்சு தீர்ந்து தோள் தூக்கிக்கொள்ளும். தினமும் காலையில் பழகினால் மூன்றாம் வாரத்தில் இருபத்தைந்து, முப்பது எண்ணும் வரை அதே பிள்ளைகள் தோள் அசையாமல் தாக்குப்பிடிப்பார்கள். அப்போதுதான் நீண்ட வசனத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படாமல் வெளியே வரும். மகரக்கட்டில் இருக்கும் பையன்களை மட்டும் உச்சக் குரலில் பேச விடுவதில்லை. அந்த வயதில் குரல்நாண்கள் நீண்டு தடித்துக்கொண்டிருக்கும், கத்தினால் அவை நோகும்.

இரண்டாவது, பார்ப்பது. மாலையில் கடைவீதிக்கோ பஸ் நிலையத்துக்கோ அனுப்பி, ஒருவரைக் கால் மணி நேரம் அவருக்குத் தெரியாமல் கவனித்துவிட்டு வரச் சொல்வது பழைய பயிற்சி. ஒருமுறை திருப்பூர்ப் பையன் ஒருவன், தான் வெளியே போகவில்லை, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் தன் அம்மாவைப் போன ஞாயிறே பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். துணியில்லாமல், கத்தரியில்லாமல் அதைச் செய்து காட்டினான். இடக்கை துணியைப் புரட்டப் புரட்ட வலக்கை இரண்டே விரலில் வெட்டிக்கொண்டு போனது. கண் துணியை விட்டு எழவே இல்லை. பேச்சு மட்டும் பக்கத்தில் இருப்பவளோடு. நாற்பது பீஸ் முடிந்ததும் கத்தரியை வைக்காமலேயே புறங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தான். அந்தப் புறங்கைதான் நடிப்பு. அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது; பார்க்க ஓர் இடமும், காட்ட ஒரு கூட்டமும் மட்டுமே நாங்கள் கொடுத்தோம்.

மூன்றாவது, உணர்ச்சி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆசிரியரையும் மோசமான ஆசிரியரையும் பிரித்துக் காட்டுவது இதுதான். மோசமான முகாமில், "இப்ப அழு, இப்ப கோபப்படு, இப்ப சிரி" என்று முகத்துக்குக் கட்டளையிடுவார்கள். பிள்ளையும் சினிமாவில் பார்த்த முகத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த வழியில் போகவில்லை. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களை அடுக்குகிறது. அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை: இழிவுபடுத்தப்பட்டது, இழந்தது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்தது, இல்லாமை. 1898-இல் மாஸ்கோ கலை நாடக அரங்கைத் தொடங்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் உணர்ச்சியை நேராகப் பிடிக்கப் போகாதே, பாத்திரம் நிற்கும் சூழ்நிலையையும் அதற்கு என்ன வேண்டும் என்பதையும் பிடி என்றுதான் சொன்னார். இரண்டும் ஒன்று என்று நான் வாதிடவில்லை; தொல்காப்பியம் செய்யுளுக்கு இலக்கணம் சொல்கிறது, அவர் நடிகனுக்கு வேலை சொல்கிறார். ஆனால் வகுப்பறையில் இரண்டும் ஒரே இடத்தில் உதவுகின்றன.

எப்படி என்று ஒரு காட்சியைச் சொன்னால் புரியும். பள்ளி விட்டு வரும் பெண், தான் வளர்த்த காங்கயம் கன்றை அப்பா சொல்லாமல் விற்றுவிட்டதைத் தெரிந்துகொள்கிறாள். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடக்கிறது. பெருந்துறைப் பக்கத்து மாணவி ஒருத்தி இதை நடித்தாள். முதல் தடவை முகத்தை மூடிக்கொண்டு, "ஏன்ப்பா இப்படிப் பண்ணுனே" என்று வீறிட்டாள். வீட்டில் அப்பாவை இப்படித்தான் பேசுவாயா என்று கேட்டேன். திடுக்கிட்டுப் போய், "ஐயோ, இல்லீங்க சார்" என்றாள். அப்படியென்றால் நீ அழுவது கன்று போனதற்கா, உன்னை ஒரு வார்த்தை கேட்காததற்கா என்றேன். அதாவது இழவா, இளிவா? அவள் பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த கயிற்றை எடுத்து, முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையே ஒழுங்காகச் சுற்றத் தொடங்கினாள். சுற்றி முடித்து, முடிச்சும் போட்டுவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்: "ஏனுங்கப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?" அப்பா வேடத்தில் உட்கார்ந்திருந்த பையன் தன் வசனத்தை மறந்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் மறந்ததை நான் திருத்தவில்லை.

இங்கே கொங்குத் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பேச்சில் கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகாது; மரியாதைச் சொல்லுக்குள்ளேதான் கோபத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. நடிப்புக்கு இது பெரிய வரம். ஆனால் நம் பிள்ளைகள் மேடை என்றதும் தங்கள் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்று தூய தமிழுக்கோ இல்லையென்றால் தொலைக்காட்சித் தமிழுக்கோ போய்விடுகிறார்கள். கொங்குப் பேச்சு சிரிப்புக்குத்தான் என்ற எண்ணமும் இருக்கிறது. உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்து, நாடக மேடையில் தேர்ந்து, அந்தப் பேச்சின் வேகத்தாலேயே தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர் கவுண்டமணி; அவர் சாதித்தது அவர் சாதனை. அதே பேச்சில் துக்கத்தையும் அவமானத்தையும் சொல்ல முடியும் என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை கண்டுகொண்டால், அது நான்கு வாரத்துக்குத் தகும். முகாமில் எந்தத் தமிழில் நாடகம் போடுகிறார்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.

உள்ளூர்க் கலைஞர்கள் வகுப்பெடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் எம். பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது; ஆண்களே ஆடிவந்த கும்மிக்குப் பெண்களையும் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு கும்மி ஆசானிடம் ஒரு வாரம் ஆடினால், கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரோடு அடி பிசகாமல் நகர்வது தானாக வரும். மேலைநாட்டு முகாம்களில் இதற்கென்று தனிப் பயிற்சிகளே வகுத்திருக்கிறார்கள். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுபவர் ஒருவரே பொன்னராகவும் சங்கராகவும் தங்காளாகவும் குரல் மாற்றிப் பல இரவுகள் கதையைக் கொண்டுபோவார். அவரை இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, நடிப்பைப் பற்றி ஒரு வாரம் உரை கேட்பதைவிட மேல் என்பது என் எண்ணம்.

இனி நடைமுறை. ஓர் ஆசிரியருக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உங்கள் மகள் பெரும்பாலும் சுவரோரம் உட்கார்ந்துதான் இருப்பாள். கடைசி நாள் நாடகத்தில் எல்லோருக்கும் பேச வேடம் உண்டா, அல்லது நால்வர் நடிக்க மற்றவர்கள் மரமாகவும் சேவகராகவும் நிற்பார்களா என்று கேளுங்கள். அக்கினி நட்சத்திரக் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் ஒத்திகை வைப்பவர்களிடம் பிள்ளையை விடாதீர்கள்; வெடியாலே ஆறு மணிக்குத் தொடங்கி, பதினொன்றுக்கு நிறுத்தி, பொழுது சாய்ந்த பின் மறுபடி தொடங்குவதுதான் ஈரோட்டு, கரூர் வெயிலுக்குச் சரிப்படும். தங்குமிடத்தில் இரவு முழுவதும் பொறுப்பான பெண் ஒருவர் இருக்கிறாரா, பயிற்சியில் ஒருவரைத் தொட வேண்டி வந்தால் முன்கூட்டிக் கேட்டுச் செய்கிறார்களா, முறையிட வேண்டுமென்றால் யாரிடம் முறையிடுவது என்ற மூன்றையும் நேரில் கேட்டு, பதில் சொல்பவரின் முகத்தையும் பாருங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது நடத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நாங்க எல்லாம் ஒரே குடும்பம்ங்க" என்ற பதிலை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் நானும் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். மூன்றாம் வாரம் ஒத்திகை நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காணொளி எடுக்கும் வேலை தொடங்கியது; அதற்குப் பெற்றோரிடம் தனியாகப் பணமும் வாங்கினார்கள். நாடகம் பாதியில் நின்றது. என்னிடம் படித்த பிள்ளைகள், "நம்ம நாடகம் எப்ப சார்?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் எங்கே போனாலும் முழு அட்டவணையை முதலில் வாங்கிப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்தது.

டியூஷனைப் பற்றி மாமன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பிளஸ் ஒன் முடிந்து வரும் கோடை பல பள்ளிகளில் பிளஸ் டூ பாடத்துக்கே போய்விடுகிறது, அதற்கடுத்த கோடை நீட் தேர்வுக்குப் போய்விடுகிறது. அதனாலேயே பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் இந்த ஒரு கோடைதான் கையில் மிச்சமிருக்கிறது. ஜூன் மாதத்தில் எல்லோரோடும் முதல் பாடத்திலிருந்தே தொடங்கப் போகும் பிள்ளைக்கு மே மாதத்து டியூஷனால் பெரிய நட்டமோ லாபமோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதைக் கணக்கு வாத்தியார்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டியின் மறுப்பு வேறு வகை. பெண் பிள்ளை கூத்தாடப் போவதா என்பதுதான் அது என்றால், சட்டம் பேசி வெல்ல முடியாது. கடைசி நாள் நாடகத்துக்கு அவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அதுவரை வீட்டுக்கு வரும் உறவினர் முன்னால், "அம்மிணி, ஏதாச்சும் நடிச்சுக் காட்டு கண்ணு" என்று மட்டும் கேட்காதீர்கள். முகாமில் கழற்றிய பழைய முகத்தை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளத்தான் அது தூண்டும். போவதற்கு முன் அவள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு பக்க அளவில் ஏதேனும் ஒரு பேச்சைப் பிசகில்லாமல் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். தளர்வான பருத்தி உடுப்புகளும், ஒரு நோட்டும், தண்ணீர் பாட்டிலும் போதும். கைபேசியை முகாமில் பகல் முழுவதும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால் நல்லது, சண்டைக்குப் போகாதீர்கள்.

நாடகத்தன்று ஒன்று செய்யுங்கள். முன்வரிசை நாற்காலியைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரமாகப் போய் நின்றுகொள்ளுங்கள். மைக் இல்லாமல் உங்கள் மகள் பேசும் வாக்கியத்தின் கடைசிச் சொல் அங்கே வந்து சேர்கிறதா என்று கேளுங்கள்.